முகில் எந்த மாடியில் இறங்கியது?

செய்தி வந்தபோது நான் மிசிசாகாவில் வேலையில் இருந்தேன். ஒரே விளம்பரத்தை இரண்டு திரைகளில் ஓடவிட்டு, எதில் படம் சிதைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில். வீடியோவை அமுக்கிச் சிறிதாக்கும் மென்பொருள் எங்கே பிழைவிடுகிறது என்று கண்டுபிடிப்பது. தொலைபேசியில் அபியிடமிருந்து இரண்டு வரிகள் வந்தன.

"அப்பா போயிட்டார் அண்ணா. காலமை, நித்திரையிலயே."

அடுத்தது: "அந்தப் படம் உங்களிட்டத்தானே இருக்கு? அம்மா போட வேண்டாம் எண்டுறா."

அபி, குணம் அண்ணையின் ஒரே மகள். அந்தப் படம் ஒரு கார்ட்டூன். நாலு நிமிடம்கூட ஓடாது. தன்னுடைய இறுதிக்கிரியைக்கு வரும் ஆட்கள் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று குணம் அண்ணை சொல்லியிருந்தார். அவருடைய மனைவி இந்திரா அன்ரி, செத்த வீட்டில் கார்ட்டூனா என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. அண்ணை ஏன் அப்படி ஆசைப்பட்டார் என்று விளங்க வேண்டுமானால் அவரை முதலிலிருந்து சொல்ல வேண்டும். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் தாருங்கள் என்று அபி கேட்டிருக்கிறாள். 'பண்பின் சிகரம்' என்று தொடங்கும் வகைக் கட்டுரை எனக்கு எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

குணம் அண்ணை ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் வீடியோக் கடை வைத்திருந்தார். ஒரு பக்கம் சீலைக்கடை, மறுபக்கம் கொத்துரொட்டிக் கடை. நடுவில் இவருடையது. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னுக்கு நடந்தே ஆக வேண்டும். பல்லுப் போன கிழவரும் பல்லு முளைக்காத பிள்ளையும் அவரை அண்ணை என்றே அழைத்தார்கள். பின்னறையில் வீடியோ டெக்குகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் படம் ஓடும், மற்றவை அதைப் பிரதி எடுக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்காபரோ மாடிவீடுகளில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அவருடைய கசற்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய படம் இருந்த கசற்றின் மேலேயே புதுப் படத்தைப் பதிவார். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. புதுப் படம் நீளம் குறைந்ததாயிருந்தால், அது முடிந்த இடத்தில் பழைய படத்தின் மிச்சம் தலைகாட்டும். ஒரு விரத நாளில் ஒரு குடும்பம் பக்திப் படம் எடுத்துப் போனது. அம்மன் காட்சி கொடுத்து மறைய, திரை கொஞ்சம் இரைந்தது. பிறகு மதுக்கடை மேசையில் ஏறி நின்று ஒருத்தி ஆடத் தொடங்கினாள். மறுநாள் அந்த வீட்டு அன்ரி கசற்றோடு கடைக்கு வந்தார்.

"நான் எழும்பிக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறன் தம்பி. உவள் வந்து இடுப்பை ஆட்டுறாள்!"

"பிழை என்ர தானக்கா. கும்பிடுறதை ஒரு நிமிசம் முந்தி முடிச்சிருந்தால் தப்பியிருப்பியள்" என்றாராம் அண்ணை.

அன்றிலிருந்து அவர் கசற்றில் மிஞ்சும் நாடாவை, அந்த ரேப்பை, வெறுமனே விடவில்லை. அதை நிரப்பப் பொருள் தேடினார். அந்த நாட்களில் இங்கே தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் இடையில் நேரம் மிஞ்சினால் சின்னச் சின்ன கார்ட்டூன் படங்கள் போடுவார்கள். எலியைப் பூனை துரத்துகிற வகை அல்ல. களிமண் மனிதன் ஒருவன் தன் முகத்தைத் தானே இஸ்திரி போடுவான். இரண்டு கோடுகள் சண்டை பிடித்துக் கடைசியில் கதிரையாக மாறும். தொப்பி போட்ட உருளைக்கிழங்கு ஒன்று கடற்கரையில் நின்று ஒன்றுமே செய்யாது. யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் ஒன்றும் தெரியாது. பேச்சும் இராது. அண்ணை இவற்றைப் பிடித்துப் பிடித்து ஒரு கசற்றில் சேர்த்தார். எந்தப் படம் முடிந்தாலும் மிச்ச நேரத்தை அளந்து, இந்தக் கசற்றின் கடைசிப் பகுதியை அவ்வளவுக்கு வால்போல ஒட்டிவிட்டார்.

"ஏன் உந்த விசர்ப் படங்களைப் போடுறீர்?" என்று என் அப்பா ஒருமுறை கேட்டார். அண்ணை சொன்ன பதிலை அப்பா இன்றைக்கும் சொல்லுவார்.

"கதைக்கிற படம் போட்டால் இங்கிலிஷ் விளங்காத ஆக்களுக்கு வெக்கமாயிருக்கும். உது ஒருத்தருக்கும் விளங்காது. அப்ப ஒருத்தருக்கும் வெக்கமில்லை."

எல்லோரும் அப்படித் தெளிவாக இருக்கவில்லை. என் அம்மா, படம் எங்கே முடிந்து வால் எங்கே தொடங்குகிறது என்று கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு சோகப் படத்தின் கதையைச் சொன்னா. "கடைசியிலை அவன் குண்டு பட்டுச் செத்துப்போறான். பிறகு ஒரு உருளைக்கிழங்கு தொப்பியோட வந்து கடலைப் பாத்துக்கொண்டு நிக்குது. அது அவன்ர மறுபிறப்பு." அந்த அக்கா உடனே அழுதுவிட்டா. பிறகு கசற்றை எடுத்துப் பார்த்தும் அழுதா. நான் அண்ணையிடம் போய்ச் சொன்னதற்கு அவர், "அப்ப இயக்குநருக்கு விளங்காதது கொம்மாவுக்கு விளங்கியிருக்கு" என்றார்.

பிள்ளைகள் நாங்கள் படத்தைப் பார்த்ததே வாலுக்காகத்தான். தொலைக்காட்சியில் அவை எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. கசற்றில் கட்டாயம் வரும். நடிகர் யார் என்று நாங்கள் கேட்டதில்லை. கடைக்குள் போனதும், "அண்ணை, இதிலை மிச்சம் எவ்வளவு?" என்றுதான் கேட்போம். படம் கட்டையாக இருந்தால் வால் நீளமாக இருக்கும். பெரியவர்கள் பொறுக்கி எடுத்த மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்து நாங்கள் முகத்தைச் சுளிப்போம். அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "இதை விட நல்ல படம் இருக்கு, அன்ரி" என்று கட்டையான ஒன்றை எடுத்து நீட்டுவார்.

அந்த வால்களில் கடைசியாக வருவதுதான் முகில் படம்.

மாடிக் கட்டடம் ஒன்று. லிஃப்ட் கதவு திறக்க, ஒரு வெள்ளை முகில் உள்ளே வரும். அதற்குக் கண்களும் உண்டு, ஆனால் உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் முன்னால் மிதக்கும். முகிலுக்குக் கீழே ஓயாமல் வெள்ளைத் துளிகள் விழும். மாடிக்கு மாடி ஆட்கள் ஏறுவார்கள். ஒரு சீமாட்டி அதன்மேல் கையை வைத்துச் சூடு காய்வாள். ஒரு தடித்த மனிதர் அதில் சாய்ந்து குறட்டை விடுவார். எல்லோரும் இறங்கிப் போக, முகில் மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கும். கடைசி மாடி வரும். மணி அடிக்கும். கதவு திறக்கும், மஞ்சள் வெளிச்சம் விழும்.

சடக். ரேப் முடிந்துவிடும். டெக் தானாகவே பின்னோக்கிச் சுற்றத் தொடங்கும்.

கார்ட்டூன்களைச் சேர்த்த அந்தக் கசற், முகில் படத்தின் நடுவில் தீர்ந்துவிட்டது. அதிலிருந்துதான் எல்லாப் பிரதியும் எடுக்கப்பட்டது. ஆகவே ஸ்காபரோவில் எந்த வீட்டில் பார்த்தாலும் முகில் அந்தக் கதவடியிலேயே நின்றது. அண்ணையும் முடிவைப் பார்த்திருக்கவில்லை. பதிவு நடக்கும்போது முன்னால் கடையில் ஆள் வந்துவிட்டது. பிறகு அந்தப் படம் எப்போதாவது திரும்ப வருமென்று சிவப்புப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தது பெரிய கதை. "கறி அடிப்பிடிச்சாலும் அந்த மனிசன் ரி.வியை விட்டு அசையாது" என்று இந்திரா அன்ரி சொல்லுவார். அது திரும்ப வரவேயில்லை.

பிள்ளைகள் விடுவார்களா? கடைக்கு வந்து கேட்டார்கள். அண்ணை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முடிவு சொன்னார். மாடிவீட்டை விட்டு ரூஜில் புதுவீட்டுக்குப் போன ஒருத்தியிடம், "அது யன்னலாலை இறங்கி ரூஜுக்கு வந்திட்டுது. உங்கட கூரைக்கு மேலைதான் நிக்குது, போய்ப் பார்" என்றார். பல் ஆடிய பொடியனிடம், முகில் பல் டொக்டரிடம் போனதாகச் சொன்னார். அபிக்கு, "தன்ர அப்பாவிட்டைப் போயிட்டுது" என்றார். பள்ளிக்கூடத்தில் எந்த முடிவு சரி என்று நாங்கள் அடிபட்டிருக்கிறோம்.

நானும் கேட்டேன்.

"ரேப் முடிஞ்சு போச்சடா. எனக்குத் தெரியாது."

"மற்றவைக்குச் சொன்னியள்?"

"உனக்குச் சொன்னால் நீ ஆதாரம் கேப்பாய்."

உண்மை. கேட்டிருப்பேன்.

கசற்றுகள் போயின, டி.வி.டி. தட்டுகள் வந்தன, பிறகு தட்டுகளும் போயின. அண்ணை ஒப்பாரி வைக்காமல் கடையைப் பூட்டினார். மிசிசாகாவில் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் இரவு வேலை எடுத்தார். ஓய்வு பெறும்வரைக்கும் அதே வேலை, அதே இரவு. நான் படித்து முடித்து அந்தப் பக்கம் வேலைக்குப் போனபோது, ஒரு கோப்பிக் கடையில் அவரைத் திரும்பச் சந்தித்தேன். அவர் வேலை முடித்து வீட்டுக்குப் போகிற நேரம், எனக்குத் தொடங்குகிற நேரம். அடிக்கடி கண்டோம்.

"நீ வீடியோவிலைதானே வேலை? உந்த முகிலைக் கண்டுபிடியன்."

"அண்ணை, படத்தின்ர பேர் தெரியாது, ஆண்டு தெரியாது, ஆர் எடுத்தது எண்டு தெரியாது. என்னெண்டு தேடுறது?"

"எல்லாம் தெரிஞ்சால் நானே தேடுவன். நீ ஏன்?"

தேடினேன். இணையத்தில் பழைய படங்களைச் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டேன். முகில், லிஃப்ட், மழை என்று எல்லாச் சேர்க்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு துப்பும் இல்லை. "அப்படி ஒன்று வந்ததே இல்லை" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அதை அண்ணையிடம் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்றது. "அப்ப இத்தினை பிள்ளையளும் கனவோ கண்டவை?" என்றார். பிறகு, கோப்பியை ஆற்றிக்கொண்டு, "ஒரு சனத்துக்கு அரைவாசிப் படம் காட்டிப்போட்டுக் கடையைப் பூட்டினவன் நான்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதை அவர் பலமுறை சொன்னார்.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம் கூடியது. ரூஜில் வீட்டோடு இருந்தார். மூக்கில் ஒட்சிசன் குழாய். அபி நிலவறையில் கிடந்த பெட்டியைக் கிளறி, கார்ட்டூன் சேர்த்த அந்த முதல் கசற்றையே எடுத்துத் தந்தாள். வேலையிடத்தில் ஒரு நல்ல டெக்கின் வாசிக்கும் தலையைத் துடைத்து, அதில் அதைப் போட்டு, ஒவ்வொரு படச்சட்டமாக ஓட்டினேன். பிரதியின் பிரதியில் தெரியாத ஒன்று முதல் கசற்றில் மங்கலாகத் தெரிந்தது. நான் உடனே அண்ணைக்கு அழைத்தேன். எனக்குப் பீடிகை போடத் தெரியாது.

"அண்ணை, உதுக்குக் கால் இருக்கு."

"எதுக்கு?"

"முகிலுக்கு. நாலு கால்."

"முகிலுக்கோ?"

"முகில் இல்லை அண்ணை. ஆடு."

மறுமுனையில் ஒட்சிசன் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"எட பாவி" என்றார்.

விசயம் இதுதான். வெள்ளைச் செம்மறி. முகமும் காலும் கறுப்பு. லிஃப்ட் சுவர் கருங்கபிலம், கிட்டத்தட்டக் கறுப்பு. கசற்றில் கூடுதல் நேரம் பிடிக்க அண்ணை மெதுவான வேகத்தில் பதிந்திருந்தார். அதில் படம் மங்கி, கறுப்பெல்லாம் சுவரோடு கலந்துவிட்டது. மிஞ்சியது வெள்ளை உரோமமும் இரண்டு கண்களும். துளி துளியாக விழுந்த மழை, ரேப்பின் பூச்சு உரிந்த இடம். நாங்கள் எல்லோரும் வருடக்கணக்காக நேசித்த முகில், தேய்ந்த கசற்றில் நின்ற ஓர் ஆடு.

"இத்தினை பிள்ளையளுக்கு மழை எண்டெல்லோ சொல்லிவைச்சனான்" என்று அண்ணை புலம்பினார். பிறகு இருமி இருமிச் சிரித்தார். ஆடு என்று தேடியதும் படம் அன்றைக்கே அகப்பட்டது. ஒரு பழைய படச் சேகரிப்பில், துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. முடிவை நான் பார்க்கவில்லை. நேரே ரூஜுக்குக் கொண்டுபோனேன்.

அண்ணை, அன்ரி, அபி, நான். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் போட்டேன். கடைசி மாடி வந்தது. மணி அடித்தது. கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சம் ஒரு படுக்கையறை விளக்கு. கட்டிலில் ஒரு மனிதர் நித்திரை வராமல் கண்ணை முழித்துக்கொண்டு கிடக்கிறார். சுவரில், வேலைக்கு வந்த நேரத்தைப் பதிய அட்டை அடிக்கிற இயந்திரம். அதன் முன்னால் வேறு ஆடுகள் வரிசையில் நிற்கின்றன. எங்கள் ஆடு போய்த் தன் அட்டையை அடித்துவிட்டு, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கட்டிலுக்கு மேலால் ஒரு பாய்ச்சல். அந்த மனிதர் விரலை மடித்து எண்ணுகிறார். கண் சொருகுகிறது. முற்றும்.

"உதென்ன?" என்றார் அண்ணை.

"வெள்ளைக்காரர் நித்திரை வராட்டி ஆடு எண்ணுவினம் அப்பா. ஒண்டொண்டா வேலிக்கு மேலாலை பாயுற மாதிரி நினைச்சு" என்றாள் அபி.

அண்ணை திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். முகம் மெல்ல விரிந்தது.

"அட, உவர் நைட் ஷிஃப்டுக்கெல்லே போயிருக்கிறார்!"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. "நான் உவரைப் பல் டொக்டரிட்டை அனுப்பினன், ரூஜுக்கு அனுப்பினன். மனிசன் பஞ்ச் அடிக்கப் போயிருக்குது!" இந்திரா அன்ரி குழாயைச் சரிசெய்யப் போய், தானும் சிரித்து, சோபாவில் இருந்துவிட்டார். சிரிப்பு அடங்கிய பிறகு அண்ணை சொன்னார்:

"உதை எல்லாரும் பாக்கவேணும். முழுசாய்."

"ஆரைக் கூப்பிடப் போறியள்? எல்லாம் வளந்து ஒவ்வொரு பக்கம் போயிட்டுதுகள்" என்றார் அன்ரி.

"ஒரு நாளைக்கு எல்லாம் ஒண்டாய் வருங்கள்தானே. அண்டைக்குப் போடுங்கோ."

எந்த நாள் என்று எங்களுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அன்ரிக்குத்தான் முதலில் விளங்கியது. "வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ" என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அந்த நாள் வந்தபோது அன்ரிக்கு மனம் ஒப்பவில்லை. "சனம் சிரிக்கும் தம்பி" என்றார் என்னிடம்.

"சிரிக்கத்தானே அன்ரி போடச் சொன்னவர்."

"உனக்கென்ன. நாளைக்குச் சனத்தின்ர கதை கேக்கப்போறது நான்."

நான் வற்புறுத்தவில்லை. படத்தை மடிக்கணினியில் போட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனேன், அவ்வளவுதான். மண்டபத்தில் பெரிய திரையில் அண்ணையின் புகைப்படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பேழையில் அவர் பட்டு வேட்டியோடு, யாரோ பகிடி சொல்லி முடிக்கக் காத்திருப்பவர்போலக் கிடந்தார். தேவாரம் பாடினார்கள். ஒருவர் எழும்பி அண்ணையைச் சமூகச் சிற்பி என்று தொடங்கி, நெடுநேரம் தன்னைப் பற்றிப் பேசினார்.

ஆட்கள் வரிசையில் வந்து அன்ரியின் கையைப் பிடித்தார்கள். தாடி வைத்த உயரமான ஒருவர் குனிந்து, "அன்ரி, என்னைத் தெரியாது உங்களுக்கு. அண்ணை எனக்குச் சின்னனிலை சொன்னவர், அந்த முகில் மேலை போய்த் தன்ர கூட்டத்தோட சேந்திட்டுது எண்டு. நாங்கள் வந்த புதிசு. எனக்கு இஞ்சை ஒரு கூட்டாளியும் இல்லை" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு. "எனக்கு, அது ரூஜுக்கு வந்திட்டுது எண்டவர். நான் கூரையிலை தேடினனான்." அடுத்தவர், "எனக்குப் பல் டொக்டர்."

முதலில் அன்ரி தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவரே கேட்கத் தொடங்கினார். "உமக்கு என்ன சொன்னவர்?" "பிள்ளை, உமக்கு?" வரிசை அசையாமல் நின்றது. நேரம் போகிறது என்று மண்டபக்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். இத்தனை பேருக்கு இத்தனை முடிவு சொன்னதை அந்த மனிதர் வீட்டில் சொல்லவில்லை.

அன்ரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, போடு."

போட்டேன். லிஃப்ட் கதவு திறந்து அது உள்ளே வந்ததும் மண்டபம் சலசலத்தது.

"உது ஆடெல்லோ!"

"எங்கட முகிலை என்னடா செய்து போட்டியள்?"

"மழை எங்கை?"

"வாட்? இட்ஸ் அ ஷீப்?" இது அபியின் சிநேகிதி.

கறுப்புச் சட்டையும் வெள்ளைச் சீலையுமாக வளர்ந்த ஆட்கள் கதிரைகளிலிருந்து எழும்பி முன்னுக்கு வந்தார்கள். கடைசி மாடி வந்தது. மணி அடித்தது. அந்த இடத்தில் மண்டபம் ஒரேயடியாக அடங்கியது. இதற்கப்பால் ஒருவரும் போனதில்லை. கதவு திறந்தது. ஆடு நடந்து போய் அட்டை அடித்தது. முதலில் சிரித்தது பின்வரிசையில் விமான நிலையச் சீருடையோடு நின்ற ஒருவர். வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார். "அட, எங்கட ஆள்!" என்றார். பிறகு முழு மண்டபமும். அழுதுகொண்டு சிரித்தார்கள், மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். "எனக்குச் சொன்ன முடிவு இதைவிடத் திறம்" என்று தாடிக்காரர் சத்தமாகச் சொன்னார். "இல்லை, என்ர தான்" என்றாள் ரூஜ்காரி. பேழையைச் சுற்றி நின்று அதைப் பற்றி விவாதித்தார்கள். ஒருவரும் ஒருவரைக் கதைக்க விடவில்லை. அண்ணை நடுவில் கிடந்தார்.

அன்ரி அவர்களைத் தடுக்கவில்லை. எல்லோரும் சொல்லி முடியும்வரை பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி, அண்ணையின் சால்வையை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார். மண்டபக்காரரைப் பார்த்து, "இனிக் கொண்டுபோங்கோ" என்றார்.

போயிட்டு வாங்கோ, அண்ணை.